பழைய காரின் ரேடியேட்டர் ஒழுகினால் என்ன செய்வது

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரேபேங்க், வெருலம் போன்ற பகுதிகளில் தாத்தாவோ பெரியப்பாவோ அந்தக் காலத்தில் வாங்கிய மாரிஸ் மைனர், ஃபோர்டு கார்ட்டினா, டாட்சன் பக்கி (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி) போன்ற வண்டிகள் பல வீட்டு காரேஜ்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றை மறுபடி சாலைக்குக் கொண்டுவர விரும்பும் இளையவர்கள் முதலில் சந்திக்கும் தொல்லைகளில் ஒன்று ரேடியேட்டர் ஒழுகுவது. கேட்கும் இடமெல்லாம் "பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டு" என்றே சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. அந்த ரேடியேட்டர்கள் பித்தளையாலும் செம்பாலும் செய்யப்பட்டு, ஈயப் பற்றாசினால் (சால்டர்) இணைக்கப்பட்டவை; பிரித்துப் பழுது பார்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. எங்கே ஒழுகுகிறது என்பதைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகுதான், பற்றவைப்பதா, உள்பகுதியை மட்டும் மாற்றுவதா, முழுவதையும் மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும். இந்த வேலையில் அவசரப்படக் கூடாத இடமும் அதுதான்.

அமைப்பை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பழைய கார்களில் மேலே ஒரு பித்தளைத் தொட்டி, கீழே ஒரு பித்தளைத் தொட்டி, இரண்டுக்கும் நடுவே தட்டையான மெல்லிய குழாய்கள், குழாய்களுக்கு இடையில் செம்புத் தகடுகள் இருக்கும். குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதியைத்தான் கோர் என்கிறோம். எஞ்சினிலிருந்து வரும் சுடுநீர் மேல் ஹோஸ் வழியாக மேல் தொட்டிக்கு வந்து, குழாய்களில் இறங்கும்போது காற்றுப் பட்டு ஆறி, கீழ் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது.

மேல் தொட்டியில் இருக்கும் மூடியின் வேலை தண்ணீர் சிந்தாமல் காப்பதோடு முடிந்துவிடுவதில்லை. அதில் ஒரு சுருள்வில் இருக்கிறது. மூடியில் பொறித்த எண் வரைக்கும் அது அழுத்தத்தை உள்ளே தக்கவைக்கிறது. மாரிஸ் மைனர் 1000 காரின் மூடியில் 7 என்று இருக்கும். அது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு, அதாவது சுமார் 48 கிலோபாஸ்கல். பிந்தைய கார்களில் 13, 15 என்ற எண்களைக் காணலாம். அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலையும் கூடும். கடல்மட்டத்தில் இருக்கும் டர்பனில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 7 பவுண்டு மூடியின் கீழ் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் உள்ள ஜோகன்னஸ்பர்க்கில் மூடியில்லாமல் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் தண்ணீர், அதே மூடியோடு 107 டிகிரி வரை தாங்கும். ஊசித்துளை அளவு ஒழுக்கு இருந்தாலும் இந்த அழுத்தம் ஏறாமல் போகலாம். கடலோரச் சாலையில் ஒரு குறையும் காட்டாமல் ஓடும் வண்டி, பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போதோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில் ஏற்றத்திலோ பொங்கி நிற்பதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். ஆகவே ரேடியேட்டரைக் குறை சொல்வதற்கு முன்பு மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடித்தோ கெட்டிப்பட்டோ இருந்தால் உங்கள் வண்டிக்கு உரிய எண் கொண்ட புது மூடியை வாங்கிப் போடுங்கள். "கூடுதல் எண் போட்டால் கூடுதல் பாதுகாப்பு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; பழைய இணைப்புகள் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கமாட்டா.

எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. மேல் தொட்டியின் மீது உள்ளங்கையைத் தாராளமாக வைத்திருக்க முடிகிற அளவு ஆறிய பிறகே, தடித்த துணியைப் போர்த்தி, முதல் தடுப்பு வரை மட்டும் திருப்பி, மிச்ச அழுத்தம் வெளியேறியதும் முழுவதும் திறக்க வேண்டும். முகத்தை விலக்கியே வைத்திருங்கள்.

ஒழுக்கைத் தேடுதல்

வண்டி இரவு முழுவதும் நின்று ஆறிய பிறகு, காலையில் நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள். கீழே ஓர் அட்டையை விரித்து வைத்திருந்தால் சொட்டு விழும் இடம் தெரியும். ஆனால் தண்ணீர் ஓடி வந்து சொட்டும் இடத்துக்கும் அது புறப்படும் இடத்துக்கும் வெகு தூரம் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். தேட வேண்டியது தடத்தை. பித்தளையின் மீது வெளிறிய பச்சை அல்லது வெள்ளைப் பொருக்கு, செம்புத் தகடுகளின் மேல் துருநிறக் கோடு, இணைப்பு ஓரத்தில் உப்புப் பூத்தது போன்ற படிவு ஆகியவை பழைய கசிவின் அடையாளங்கள். மேல் தொட்டியும் ஹோஸ் மாட்டும் கழுத்தும் சேரும் இடம், தொட்டியும் கோரும் சேரும் நீண்ட விளிம்பு, பக்கத் தாங்கிகள் பற்றவைக்கப்பட்ட மூலைகள் ஆகியவற்றில் வண்டியின் அதிர்வினால் விரிசல் விழுவது மிகச் சாதாரணம்.

ரேடியேட்டரைக் கழற்றுமுன் மற்ற இடங்களையும் பார்த்துவிட வேண்டும். ஹோஸ்களை விரல்களால் அழுத்தினால் வெடிப்புகள் வாய் திறக்கும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியாகத் தண்ணீர் வந்தால் பம்பின் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் துளையை அடைக்காதீர்கள், பம்பை மாற்றுங்கள். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டு அடைப்புகள் துருப்பிடித்து ஒழுகுவதும் உண்டு. காருக்குள் முன்பக்கக் கால்விரிப்பு ஈரமாக இருந்தால் ஹீட்டரைச் சந்தேகிக்க வேண்டும். வெளியே ஒரு சொட்டும் இல்லாமலே தண்ணீர் குறைந்து, எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெளிறிய கொழகொழப்பும் சைலென்சரில் விடாத வெண்புகையும் தென்பட்டால், ஹெட் கேஸ்கட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) பரிசோதிக்காமல் ரேடியேட்டரில் கைவைப்பது வீண்வேலை.

மூடியின் இடத்தில் மாட்டக்கூடிய, அழுத்தத்தைக் காட்டும் முள் உள்ள கைப்பம்பு ஒன்று உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். தெரிந்த பணிமனையில் இரவலாகவும் வாங்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது, தொட்டியை நிரப்பி, மூடியில் பொறித்த எண் வரை மட்டும் அழுத்தம் ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். முள் இறங்கினால் எங்கோ போகிறது. ஒரு சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு விசிறிக்குப் பின்னால் பார்த்தால் ஈரம் புறப்படும் இடம் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும்.

மஞ்சள்தூளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியாவில் லாரி ஓட்டுநர்கள் நடுவழியில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றுவதுண்டு. முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கடையில் விற்கும் அடைப்புத் தூளும் அதே வகைதான். வீடு வந்து சேர அது உதவலாம். ஆனால் துளையை அடைக்கும் அதே தூள் குறுகிய குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்தே அடைக்கும். வழியில் வேறு கதியில்லாமல் ஊற்றினால், வீட்டுக்கு வந்ததும் முழுவதையும் வடித்துக் கழுவிவிடுங்கள். நின்றுகொண்டிருக்கும் காருக்கு அதை ஊற்ற ஒரு காரணமும் இல்லை.

கழற்றுதல்

பேட்டரியின் இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். மின்விசிறி பொருத்திய வண்டிகளில் அது எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுழலக்கூடும். அகலமான பாத்திரம் ஒன்றைக் கீழே வைத்து, ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து, மூடியையும் எடுத்துவிட்டால் தண்ணீர் சீராக இறங்கும். பழைய வடிகுழாய்கள் இறுகிப்போயிருக்கும்; பலமாக முறுக்கினால் தொட்டியோடு பிய்ந்துவிடும் என்பதால், அசையவில்லை என்றால் விட்டுவிட்டுக் கீழ் ஹோஸைக் கழற்றி வடித்துக்கொள்ளலாம். ரேடியேட்டர் தண்ணீரோடு கலக்கும் திரவமான கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. நாய்களும் பூனைகளும் அதை நக்கிச் சாகும், குழந்தைகளுக்கும் ஆபத்து. வடித்ததை மூடியுள்ள கேனில் ஊற்றிப் பணிமனையில் ஒப்படையுங்கள். தெருவின் மழைநீர்க் கால்வாயில் கொட்டினால் அது ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேரும்.

ஹோஸ்களை எடுக்கும்போது நிதானம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் மாட்டியே இருந்த ரப்பர் பித்தளைக் கழுத்தோடு ஒட்டிப்போயிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் கழுத்து வளையும், அல்லது தொட்டியோடு சேரும் இடத்தில் கிழியும். ஒரு சிறு ஒழுக்கு அங்கேயே பெரிய பழுதாகிவிடும். கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸைச் சற்றே இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். நகரவில்லை என்றால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுத்துவிடுங்கள். எப்படியும் புது ஹோஸ்தான் போடப்போகிறோம்.

பெரும்பாலான கார்களில் ரேடியேட்டரை இருபக்கமும் சில போல்ட்டுகளே தாங்குகின்றன. பழைய மினியில் மட்டும் அது எஞ்சினின் பக்கவாட்டில் இருப்பதால் விசிறி உறையையும் சேர்த்துக் கழற்ற வேண்டியிருக்கும். முந்தின நாளே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். எடுக்கும்போது விசிறியின் இறக்கை கோரில் உரசாதபடி இடையில் ஓர் அட்டையைச் செருகி, நேராக மேலே தூக்குங்கள். தாங்கிகளின் அடியில் இருக்கும் ரப்பர் வில்லைகளின் இடத்தையும் வரிசையையும் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

தொட்டிச் சோதனை

தோட்டத்துக் குழாயைக் கீழ்க் கழுத்தில் செருகி, தண்ணீர் மேல்நோக்கி ஓடும்படி கழுவுங்கள். துருச்சேறு வெளியே வந்து, தண்ணீர் தெளியும் வரைக்கும் ஓடட்டும். அதன்பின் இரு கழுத்துகளையும் ரப்பர் அடைப்பான்களால் மூடி, கிளிப் போட்டு இறுக்கி, மூடியையும் மாட்டி, மேலே உள்ள வழிந்தோடும் சிறு குழாயில் சைக்கிள் பம்பை இணைக்க வேண்டும். சில மூடிகள் அந்தக் குழாய்க்குப் போகும் பாதையை அடைத்துவிடும். அப்படியானால் ஒரு ரப்பர் அடைப்பானில் துளையிட்டுச் சைக்கிள் டியூபின் வால்வைப் பொருத்திக்கொள்ளலாம். குளிக்கும் தொட்டி அளவு தண்ணீரில் ரேடியேட்டரை முழுக மூழ்கவைத்து, ஐந்து பவுண்டு அழுத்தம் வரை மெதுவாகக் காற்றடியுங்கள். முதலில் தகடுகளுக்கு இடையே சிக்கியிருந்த காற்று நாலாபுறமும் பொங்கி வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரேடியேட்டரைக் கொஞ்சம் உலுக்கிவிட்டு, தண்ணீர் அமைதியாகும் வரை காத்திருங்கள். அதன் பிறகும் ஒரே இடத்திலிருந்து, ஒரே இடைவெளியில், கடுகளவு குமிழிகள் கோர்த்த சரமாக மேலேறினால் அதுதான் துளை. ஈரத்திலும் அழியாத மெழுகுப் பென்சிலால் அங்கே குறியிட்டுவிட்டு, ஒன்றோடு நிறுத்தாமல் ரேடியேட்டரைத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் பாருங்கள்.

பிறகு கோரைச் சோதியுங்கள். செம்புத் தகடுகளைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் உயிர் இருக்கிறது, பச்சைத் தூளாக உதிர்ந்தால் கோர் முடிந்துவிட்டது. ப்ளஃப், மெரேபேங்க், இசிபிங்கோ பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளில் கடற்காற்றின் உப்பு பட்டு இப்படி உதிர்வதை அடிக்கடி காணலாம். தகடுகள் உதிர்ந்த கோர் ஒழுகாவிட்டாலும் நீரை ஆற்றாது.

என் கணிப்பு இதுதான்: தொட்டியிலோ கழுத்திலோ விளிம்பிலோ ஒன்றிரண்டு துளைகள் என்றால் பற்றவையுங்கள். கோரின் நடுவில் ஒரு குழாய் மட்டும் பழுதென்றால் ரேடியேட்டர் பணிமனையில் அதன் இரு முனைகளையும் அடைத்துவிடுவார்கள். நம் ஊர் மலைச்சாலைகளுக்கு இரண்டு, மூன்று குழாய்களுக்கு மேல் அப்படி இழப்பது சரியாக வராது. கோரில் பல இடங்களில் குமிழி வந்தால் கோரை மாற்றியே ஆக வேண்டும்.

பற்றவைத்தல்

வீட்டிலேயே செய்யக்கூடியது தொட்டியிலும் விளிம்பிலும் உள்ள சிறு துளைகளை அடைப்பதுதான். இதில் பாதி வேலை சுத்தம் செய்வதிலேயே இருக்கிறது. குறியிட்ட இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பெயிண்டையும் பொருக்கையும் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, பித்தளை பொன்னிறமாக மின்னும் வரை கொண்டுவாருங்கள். கறுப்புப் புள்ளி ஒன்று மிச்சமிருந்தாலும் அங்கே ஈயம் பிடிக்காது, உருண்டு ஓடிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கவே கூடாது. ஒரு துளி நின்றாலும் சூட்டை உறிஞ்சிக்கொண்டு, ஆவியாகித் துளை வழியே ஈயத்தை வெளியே தள்ளும்.

60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியில் இளகத் தொடங்கி, 190 டிகிரிக்குள் முழுவதும் உருகிவிடும். காரீயம் அதிகம் கலந்த பற்றாசால் செய்த பழைய இணைப்புகள் உருக அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். இந்த இடைவெளியே நமக்குச் சாதகம். குடிநீர்க் குழாய்களுக்கு விற்கும் ஈயமற்ற பற்றாசுக்குச் சூடு அதிகம் தேவைப்படுவதால் அதைத் தவிர்க்கவும். ஈயம் பிடிக்க உதவும், துத்தநாகக் குளோரைடு கலந்த ஃப்ளக்ஸைப் பூசிக்கொண்டு, 150 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்னையோ, அடுப்பில் காய்ச்சிப் பிடிக்கும் பெரிய செம்பு அயர்னையோ பயன்படுத்துங்கள். வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் சிறு அயர்ன் இங்கே உதவாது. அதன் சூட்டைப் பித்தளை நொடியில் பரப்பிவிடும். காஸ் டார்ச்சைக் கையாள்வதானால் சிறு சுடரோடு, தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து இணைப்புகளின் மேல் ஈரத்துணியைச் சுற்றி வைக்காமல் டார்ச்சைப் பற்றவைக்காதீர்கள்.

முதலில் துளையைச் சுற்றி மெல்லிய ஈயப்படலம் ஒன்றை ஏற்றுங்கள். அது வெள்ளிபோல் பளபளத்துப் பரவினால் பிடிப்பு சரி. அதன் மேல் இன்னும் கொஞ்சம் உருக்கித் துளையை மூடி, அயர்னை எடுத்துவிட்டு, ஈயம் மங்கி உறையும் வரை ரேடியேட்டரை அசைக்காமல் விடுங்கள். விரிசல் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் வெறும் ஈயம் நிற்காது. மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை வெட்டி, இரு பரப்பிலும் ஈயப்படலம் ஏற்றி, ஒட்டுப்போட வேண்டும். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். முடித்ததும் கையை நன்றாகக் கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள். ஃப்ளக்ஸ் அமிலத் தன்மையுள்ளது என்பதால், சமையல் சோடா கரைத்த தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவி, பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். மறுபடியும் தொட்டிச் சோதனை செய்து, குமிழி ஒன்றும் வராத பிறகு மட்டுமே கறுப்புப் பெயிண்ட் அடியுங்கள். அதுவும் மெல்லிய ஒரு பூச்சுப் போதும்.

கோர் மாற்றுதலும் புது ரேடியேட்டரும்

கோர் மாற்றுவது பணிமனை வேலை. உங்கள் பழைய பித்தளைத் தொட்டிகளையும் தாங்கிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு புதிய செம்புக் கோரைப் பற்றவைத்துத் தருவார்கள். முன்பக்கத் தோற்றமும் போல்ட் துளைகளும் மாறாமல் இருக்கும். வண்டியின் தன்மையைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இதுவே சிறந்த வழி என்பேன். கொடுக்கும்போது, "அங்கிள், இதில் எத்தனை வரிசைக் குழாய் இருக்கிறது, எத்தனை வரிசை போடப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பழையது இரண்டு வரிசை என்றால் மூன்று வரிசைக்கு இடமிருக்கிறதா என்று விசிறியின் இடைவெளியை அளந்து சொல்லுங்கள். வாங்கும்போது தண்ணீர்த் தொட்டியில் அழுத்தம் ஏற்றி உங்கள் கண்முன் காட்டச் சொல்வதில் தவறேதும் இல்லை. நல்ல கைவினைஞர் அதை மகிழ்ச்சியோடு செய்வார்.

வேறு ரேடியேட்டர் வாங்குவதானால் கோரின் உயரம், அகலம், தடிமன், கழுத்துகளின் விட்டம், அவை இருக்கும் பக்கம், போல்ட் துளைகளின் இடைவெளி, மூடியின் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். ஸ்க்ராப்யார்டில் கிடைப்பதைத் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே சேறு படிந்திருக்கிறது. அலுமினிய ரேடியேட்டர் இலேசானது, நன்றாகவே ஆற்றும். ஆனால் ஒழுகினால் ஈயத்தால் பற்றவைக்க முடியாது.

பொருத்துதலும் நிரப்புதலும்

ரப்பர் வில்லைகளைப் புதிதாக மாற்றி, ரேடியேட்டர் எந்தப் பக்கமும் முறுக்கிக்கொள்ளாமல் உட்காரும்படி எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் மாட்டிவிட்டுப் பிறகு இறுக்குங்கள். முறுக்கோடு இறுக்கிய ரேடியேட்டர் அதே மூலையில் மறுபடி வெடிக்கும். கழுத்துகளின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் துடைத்து, ஹோஸ் எளிதாக ஏறச் சிறிது சோப்புத் தண்ணீர் மட்டும் தடவுங்கள். கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். விசிறியைக் கையால் ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிட்டுப் பேட்டரியை இணைக்கலாம்.

டர்பனில் உறைபனி இல்லைதான். இருந்தும் வெறும் தண்ணீர் போதாது, ஏனென்றால் துருவைத் தடுப்பதே இங்கே கூலண்டின் முதல் வேலை. செம்பும் பித்தளையும் ஈயமும் உள்ள பழைய வண்டிகளுக்குச் சிலிக்கேட் கலந்த பழைய வகைக் கூலண்ட் ஏற்றது. இக்காலக் கார்களுக்கான நீண்டகாலக் கரிம அமில வகை ஈய இணைப்புகளுக்கு உகந்ததன்று என்பதே பழைய வண்டிகளைப் பேணுபவர்களின் பொதுவான கருத்து. நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் கேனில் எழுதியிருப்பதைப் படியுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கலந்தால் கடலோரத்துக்குப் போதும். குளிர்காலத்தில் டிராக்கன்ஸ்பர்க் பக்கமோ ஜோகன்னஸ்பர்க்கோ போவதானால் சரிபாதி கலக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

ஹீட்டரின் கட்டுப்பாட்டைச் சூடு பக்கம் திருப்பி வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். இடையிடையே மேல் ஹோஸைப் பிசைந்தால் சிக்கிய காற்று வெளியேறும். மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை மிதமாக ஓடவிடுங்கள். எஞ்சின் சூடேறியதும் திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டில் பொறித்த வெப்பநிலை, பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரி, வந்ததும் அது திறந்து, அதுவரை வெதுவெதுப்பாக இருந்த மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும்; தொட்டியில் நீர்மட்டம் ஒருமுறை இறங்கும். மூடி மாட்டும் கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி நிரப்பி மூடியைப் போடுங்கள். மேல் ஹோஸ் கடைசி வரை சூடாகவில்லை என்றால் காற்று அடைத்திருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் திறக்கவில்லை.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றிய சமதரைத் தெருக்களில் இருக்கட்டும். வண்டி முழுவதும் ஆறிய பின் மட்டத்தைப் பார்த்து, எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு ஊற்றுங்கள். புது ஹோஸ்கள் சூட்டில் சற்று அமுங்கும் என்பதால், முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு எல்லாக் கிளிப்புகளையும் இன்னும் ஒரு கால் திருகு இறுக்க வேண்டியிருக்கும். மட்டம் இரண்டு, மூன்று நாள் மாறாமல் நின்றால் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறிப் பாருங்கள். வெப்பமானி முள்ளின் மீது ஒரு கண் இருக்கட்டும், துணைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் பின்னால் இருக்கட்டும்.